அடுத்துக் கற்கும் நிரல்மொழி எது?

கணினி பயிலும் தமிழிளைஞருட் பலர் கல்லூரியில் முதற்கண் ‘சி’ மொழியையே கற்கின்றனர். 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தென்னிசு இரிட்சி ஆக்கிய மொழி அது. அதனை ஒருவாறு கற்றுத் தேறியவுடன், ‘அடுத்து எந்த நிரல்மொழி?’ என்னும் வினா எழுகின்றது. விடை தேடி அவர்கள் செல்லுமிடம் எது? பணி விளம்பரம்! எம்மொழி அறிந்தவனுக்கு ஊதியம் மிகுதி என்பதொன்றே அளவுகோல். இவ்வாண்டு ஒன்று; மறு ஆண்டு வேறொன்று. காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாயும் நாணலாய் நின்று, நான்கைந்து மொழிகளில் நுனிப்புல் மேய்ந்து, ஒன்றிலும் ஆழங்காணாது போவோர் பலர்.

வயிற்றுப்பாடு வேண்டாவென்று எவரும் கூறார். உழைத்துண்பது இழிவன்று. ஆயினும் ஊதியத்தை மட்டுமே அளந்து மொழியைத் தேர்பவன், பிறர் ஏவிய பணியையே என்றும் செய்பவனாகின்றான். செய்ய வேண்டிய வினை எதுவென்று முதலில் தெளிபவனே அதற்குரிய கருவியையும் தெளிவான். தச்சன் உளியைத் தேர்வது மரத்தைப் பார்த்தன்றோ?

தமிழனுக்குரிய வினை எது? ஒரு சிறு சோதனையே இதற்கு விடை கூறும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கப்பள்ளிச் சிறுமியும் விடையிறுப்பாள். கணினியைக் கேட்டால்? இன்று பெரிதும் வழங்கும் யு.டி.எப்.-8 ஒருங்குறி முறையில், ‘சி’ மொழியின் நீளங்காணும் கட்டளை 15 என்னும். அஃது எண்ணுவது எழுத்தையன்று, நினைவகத்தில் அச்சொல் அடைத்துக்கொள்ளும் பைட்டுகளை. பைத்தான் 5 என்னும். அஃது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனி உருப்படியாகக் கொள்கின்றது. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சுவிப்டு மொழியோ 3 என்னும்.

ஒரே சொல், மூன்று விடை! 1991-இல் ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழ் இடம்பெற்றபோது, 216 உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தரப்பெறவில்லை. அகரமேறிய மெய்யும் அதனோடு ஒட்டும் குறிகளுமே இடம்பெற்றன. இதனை அறியாது எழுதப்பெறும் நிரல், ‘தமிழ்’ என்பதைத் தலைகீழாக்கச் சொன்னால், புள்ளியை முன்னே தூக்கி வைத்து, மகரத்துக்குரிய இகரத்தை ழகரத்தின்மேல் ஏற்றிவிடும். குற்றம் பொறியினதன்று. பிறர் தம் மொழிக்கேற்ப ஆக்கிய கருவியைத் தமிழுக்கேற்பச் செப்பஞ்செய்யாது தமிழர் வாளாவிருப்பதே குற்றம்.

ஆகவே, ‘சி’ அறிந்தவர் அடுத்துக் கற்கத்தக்கது பைத்தானே. செவ்வனே எண்ணும் சுவிப்டைக் கற்றாலென்ன எனலாம். அது பெரிதும் ஆப்பிள் கருவிகளைச் சுற்றியே வழங்குவது. பைத்தானிலோ, எழுத்தெண்ணும் குறையை நீக்கும் ‘ஓபன்-தமிழ்’ என்னும் திறமூல நிரல்நூலகம் தமிழன்பர் உழைப்பால் முன்னரே உளது. அதன்வழி எண்ணினால் 3 என்றே விடை வரும். மொழியாய்வு, செய்யறிவு ஆகிய துறைகளின் கருவிகளும் பெரும்பாலும் பைத்தான்வழிக் கிடைக்கின்றன. பதிப்பி, பின்கொடு, முடி எனத் தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்டு முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ மொழியும் பைத்தானில் எழுதப்பெற்றதே. எழில் பணி வாங்கித் தாராது எனலாம். ஆயின், நிரலாக்கம் என்பது எண்ணத்தை ஒழுங்குறுத்தும் கலையே என்பதைச் சிறார்க்குத் தாய்மொழியிலேயே அஃது உணர்த்தும்.

பைத்தானும் அறிந்தவர் சி++ பக்கம் செல்க. ‘கெ’ என்பதில் ககரம் முதலில் பதியப்படுகின்றது. ஒற்றைக்கொம்போ திரையில் அதற்கு முன்னே நிற்கின்றது. குரோம், பயர்பாக்சு ஆகிய உலாவிகளில் எழுத்துருவை இவ்வாறு அமைத்துத் தரும் ‘ஆர்ப்பசு’ என்னும் நிரல் சி++ மொழியில் ஆனது. இத்தகைய அடித்தளங்களிலும் தமிழறிந்தார் கைபட வேண்டும்.

‘ஆங்கிலப் புலமையின்றி நிரலெழுத இயலாது’ என்பது மற்றோர் அச்சுறுத்தல். பைத்தான் தனக்கென ஒதுக்கிக்கொண்ட கட்டளைச் சொற்கள் 35. 1989-ஆம் ஆண்டின் வரையறைப்படி ‘சி’ மொழிக்கு 32. நிரல்நூலகங்களிலும் ஆங்கிலப் பெயர்களே மிகுதியெனினும், அவற்றைக் குறிகளாகக் கொண்டு பழகலாம். 247 எழுத்தைக் கற்றவர்க்கு இவை மலையா? 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், மாறிகட்கும் செயற்கூறுகட்கும் தமிழிலேயே பெயரிடலாம். ‘கூட்டுத்தொகை’ என்றெழுதினால் பொறி மறுப்பதில்லை. மறுப்பது தமிழனின் தாழ்வுணர்வே!

தமிழிளைஞரே! இத்திங்களே ஒரு வெண்பாவை எடுத்து, எழுத்தெண்ணி, குறில் நெடில் ஒற்றெனப் பகுத்து, அசை பிரிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுத முனைக. அவ்வினைக்கு எம்மொழி கைகொடுக்கின்றதோ, அதுவே அடுத்துக் கற்க வேண்டிய மொழி. மூன்றெழுத்தை மூன்றென்று எண்ணப் பொறிக்குக் கற்பிப்பது தமிழர் கடன். அதனைப் பிறர் வந்து செய்வர் எனக் காத்திருத்தல் மடமை.