மலையை விடுங்க, லேத்தைப் பாருங்க

டார்க் மேட்டர், அதாவது கரும்பொருள் என்று வாயைத் திறந்தால் போதும், "தேனியில மலையைக் குடையறதுக்கு நீயும் ஆதரவா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். இன்னொரு கோஷ்டியோ, "குடைய விடாம தமிழ்நாட்டுல இயற்பியலையே கொன்னுட்டாங்க" என்று ஒப்பாரி வைக்கிறது. ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் நீலகிரி சிங்காரா. யானை நடமாடும் காடு என்று 2009ல் மறுத்துவிட்டார்கள். அப்புறம் பொட்டிப்புரம். 2015ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. 2022ல் மாநில அரசு முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அது நியூட்ரினோ ஆய்வகம்ங்க! கரும்பொருளையும் அங்கேயே தேடலாம் என்பது கூடுதல் ஆசை.

கனமான துகளைத் தேடுபவர்களுக்கு காஸ்மிக் கதிர்களை மறைக்கப் பாறை வேண்டும். ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017ல் ஆய்வகம் திறந்தது அதனால்தான். ஆனால் ஆக்சியான் கதையே வேறு. எலக்ட்ரானைவிடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல் லேசாக இருக்கலாம். எதிலும் மோதித் தெறிக்கவைக்கிற ஜாதி இல்லை. பியர் சிகிவி 1983ல் ஒரு வழி சொன்னார்: பலமான காந்தத்துக்குள் ஒரு உலோக உருளையை வையுங்கள், ஆக்சியான் அதற்குள் மைக்ரோ அலையாக மாறும். உள்ளிருக்கும் தண்டுகளை இம்மி இம்மியாகத் திருப்பி, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் தேட வேண்டியதுதான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஏடிஎம்எக்ஸ் குழு இதைச் செய்கிறது. 645 முதல் 680 மெகாஹெர்ட்ஸ் வரை அலசிவிட்டு, சிக்கவில்லை என்று 2018ல் அறிவித்தார்கள். அந்த இடத்தை இனி அடித்துவிடலாம், அவ்வளவுதான் சேதி. யாரும் அழவில்லை :-)

இப்போது நம்மூருக்கு வாங்க. 1937லேயே மோட்டார் செய்த ஊர். காந்திபுரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கணபதி. லேத், ஃபவுண்டரி, வைண்டிங் பட்டறை என்று தெருத்தெருவாக. உருளை கடையத் தெரியாதா நமக்கு? காந்தத்துக்கும் குளிர்விக்கும் இயந்திரத்துக்கும் கோடிகள் ஆகும், மறுக்கவில்லை. அதற்காக 1,500 கோடி ஆகாது, ஒரு யானையும் வழி மாற வேண்டாம். ஆனால் இத்தனை கல்லூரி இருந்தும் பேச்செல்லாம் கேம்பஸ் இன்டர்வியூ மட்டும்தான்.

முதல் வருஷம் காந்தமும் வேண்டாம், குளிரும் வேண்டாம். செம்பு உருளை, ஒரு தண்டு, ஈசிஈ லேபில் தூசி படிந்து கிடக்கும் மைக்ரோவேவ் பெஞ்ச். அதிர்வெண் எப்படி நகர்கிறது என்று அளந்து பழகலாம். ரெண்டு பேர் வாங்க, பட்டறைக்காரரிடம் நான் பேசிக்கிறேன்.