பூனைக்குப் பால் போதாது, தண்ணீர் வையுங்கள்!

பூனை வளர்ப்பதில் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிண்ணத்தில் கொஞ்சம் பாலை ஊற்றி வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோம். மீன் வாங்கும் நாளில் தலையும் வாலும் பூனைக்கு. மற்ற நாட்களில் ஒரு துண்டு கருவாடு. கையில் சிறிது காசு புழங்குகிறவர்கள் கடையில் பாக்கெட் தீனி வாங்கிப் போடுகிறார்கள். எல்லாம் வைக்கிறோம், தண்ணீர் மட்டும் வைப்பதில்லை. "பூனை தண்ணீர் குடித்து யார் பார்த்தது?" என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்வியில்தான் வினையே இருக்கிறது. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் வாழும் இடங்களில் பூனை இல்லாத சால் கிடையாது. நன்றாக இருந்த கடுவன் பூனை ஒன்று திடீரென்று மூலையில் போய் உட்கார்ந்து முக்கும், வேதனையோடு கத்தும், இரண்டு மூன்று நாளில் செத்துப் போகும். "விஷம் வைத்த எலியைத் தின்றிருக்கும்" என்று சொல்லித் தூக்கிப் போட்டு விடுகிறோம். எல்லாமே விஷம் அல்ல. முக்கி முக்கிச் சாகும் கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துப் போயிருக்கலாம். அடைப்பு என்று தெரிந்து உடனே டாக்டரிடம் கொண்டு போனால் பல பூனைகள் பிழைக்கும்.

நான் டாக்டர் அல்ல; ரயில்வே குமாஸ்தா. படித்தும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்ததையே இங்கே சொல்கிறேன்.

வறண்ட நிலத்துப் பிராணி

நம் வீட்டுப் பூனை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனையின் வழி வந்தது. நீர் அரிதான இடத்தில் பிழைத்த இனம் ஆகையால், அதன் சிறுநீரகம் நீரை வீணாக்காது. சிறுநீர் மிக அடர்த்தியாகவே வெளியேறும். நாய்க்குப் போல அதற்குச் சட்டென்று தாகம் எடுப்பதும் இல்லை. வேண்டிய நீரில் பெரும்பகுதி இரையிலிருந்தே கிடைத்துவிடும். எலியின் உடம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்தான்.

இப்போது நாம் போடும் தீனியைக் கணக்குப் பாருங்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாள் ஒன்றுக்கு, உணவில் உள்ளதையும் சேர்த்து, சுமார் 200 மில்லி நீர் வேண்டும். அதாவது ஒரு டம்ளர். பாக்கெட்டில் வரும் உலர்ந்த தீனியில் நூற்றுக்குப் பத்து பங்குதான் ஈரம். 60 கிராம் தின்றால் 6 மில்லி நீர் உள்ளே போகும். 200 கிராம் அவித்த மீன் தின்றால் 140 மில்லி வரை போகும். உலர்ந்த தீனி தின்னும் பூனை தண்ணீரைச் சற்று அதிகமாகக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஈரத் தீனி தின்னும் பூனைக்குச் சேரும் அளவு நீர் அதற்குச் சேருவதில்லை. கிண்ணத்தில் தண்ணீரே இல்லை என்றால் அதுவும் போச்சு!

அடைப்பு ஏன் வருகிறது?

சிறுநீர் கெட்டியாகும்போது அதில் உள்ள உப்புகள் படிகமாக உறைகின்றன. மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்து உண்டாவது ஸ்ட்ருவைட் என்ற வகை. கால்சியம் ஆக்சலேட் என்பது இன்னொரு வகை. இவை வளர்ந்து கல்லாவதும் உண்டு. சளி போன்ற பொருளோடு சேர்ந்து சிறுநீர்க் குழாயை அடைப்பதும் உண்டு. பெட்டைக்குக் குழாய் அகலம். கடுவனுக்குக் குறுகல். அதனால்தான் அடைப்பு பெரும்பாலும் கடுவனுக்கே வருகிறது. வீட்டை விட்டு வெளியே போகாமல் கொழுத்துப் போன பூனைக்கு இன்னும் ஆபத்து.

கல்லும் இல்லாமல், கிருமியும் இல்லாமல் சிறுநீர்ப்பை புண்ணாகிப் போகும் பூனைகளே உண்மையில் அதிகம். பயம், நெரிசல், வீடு மாறுதல், புதிய பூனை வருகை ஆகியவை இதைத் தூண்டுகின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வாழும் பூனைக்கும் ஒதுங்கிப் படுக்க ஒரு பெட்டி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

1980களில் ஆராய்ச்சியாளர்கள் மக்னீசியத்தைக் குற்றவாளி ஆக்கினார்கள். தீனிக் கம்பெனிகளும் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீர் அமிலத்தன்மை பெறும்படி தீனியை மாற்றின. ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆனால் ஆக்சலேட் கற்கள் கூடின! ஏதோ ஒரு உப்பைக் குறைத்து விட்டால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே பாடம். எந்த வகைக் கல்லானாலும், கல்லே இல்லாத புண்ணானாலும், சிறுநீர் நீர்த்துப் போவது நல்லது. அதற்கு வழி தண்ணீர்தான்.

கை வைத்தியம் ஆபத்து

பூனை முக்குவதைக் கண்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் "சூடு பிடித்திருக்கிறது" என்பார்கள். சிலர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுவார்கள். சிலர் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சி முள் கஷாயம், பார்லித் தண்ணீர் என்று மனிதனுக்குச் செய்யும் மருந்தைப் பூனைக்கும் செய்வார்கள். நோக்கம் நல்லதுதான். விளைவு விபரீதம்.

வாசல் அடைத்துக் கிடக்கும்போது உள்ளே மேலும் மேலும் நீரை இறக்கினால் என்ன ஆகும்? சிறுநீர்ப்பை பந்து போல வீங்கும். வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்தில் ஏறும். பொட்டாசியம் அளவு கூடி இதயமே நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஆகவே அடைத்துக் கிடக்கும் பூனைக்குத் தண்ணீரைக் கூட வாயில் புகட்டக் கூடாது. வயிற்றைப் பிடித்து அமுக்கவும் கூடாது. நான் சொல்லும் தண்ணீர் வைத்தியம் அடைப்பு வருமுன் காப்பதற்கும், டாக்டர் அடைப்பை நீக்கிய பின் மறுபடி வராமல் தடுப்பதற்கும்தான்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. இரண்டு நாள் எண்ணெய் புகட்டினார்கள். மூன்றாம் நாள் கூடையில் வைத்துக் கிளம்பினார்கள். வழியிலேயே பூனை இறந்தது. அன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் முக்கியம். வலிக்குத்தானே என்று பாராசிட்டமால் கொடுத்து விடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரே மாத்திரை கூடக் கொன்றுவிடும்.

கடுவன் அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அல்லது சொட்டுச் சொட்டாக இரத்தத்தோடு வந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். அருகில் கால்நடை டாக்டர் இருந்தால் அங்கே. இல்லையேல் பரேல் இருக்கிறது. அங்குள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் மருத்துவமனையைத்தான் மும்பைக்காரர்கள் 'பைல் கோடா' ஆஸ்பத்திரி, அதாவது மாடு குதிரை ஆஸ்பத்திரி, என்கிறார்கள். மாடு, குதிரைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்; பூனைக்கும் அங்கே வைத்தியம் உண்டு.

கல் எந்த வகை என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்ட்ருவைட் கல்லைத் தனித் தீனியாலேயே சில வாரங்களில் கரைத்து விடலாம். ஆக்சலேட் கல் கரையாது, எடுக்கத்தான் வேண்டும்.

செலவில்லாத வழிகள்

வருமுன் காக்க நம்மால் முடிந்தவை பல உண்டு.

அகன்ற கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். தீனித் தட்டை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். இடமிருந்தால் இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். தினமும் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மீனையோ கோழியையோ சமைக்கும்போது, மசாலா சேர்க்கும் முன் ஒரு துண்டைத் தனியாக அவித்து, அவித்த தண்ணீரோடு கொடுங்கள். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே குழம்பு கூடாது. கருவாட்டை விட்டுவிடுங்கள். மீனே கதி என்றும் இருக்காமல் கோழி, ஈரல் என்று மாற்றிக் கொடுப்பது நல்லது. பாக்கெட் தீனிதான் போடுகிறீர்கள் என்றால் அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊற வைத்துக் கொடுங்கள். வெயில் காலத்தில் ஊறிய தீனியை நெடுநேரம் விட்டு வைக்கக் கூடாது, கெட்டுப் போகும்.

தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று சிறிது சிறிதாக மாற்றுங்கள். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடுவது பூனை விஷயத்தில் செல்லாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் அதன் கல்லீரல் கெட்டுவிடும். பாலைப் பொறுத்தவரை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை; வயிற்றுப்போக்கில் இருக்கிற நீரும் போய்விடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையானால் மணல் தட்டைச் சுத்தமாக வையுங்கள். தட்டு அழுக்காக இருந்தால் பூனை சிறுநீரை அடக்கிக் கொள்ளும்.

"மனிதனுக்கே தண்ணீர் இல்லை; விடியற்காலையில் எழுந்து குடம் வைத்துப் பிடிக்கிறோம். இதில் பூனைக்கு வேறா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தண்ணீரின் அருமை குழாயடியில் நிற்கும் நம் பெண்களுக்குத் தெரிந்தது போல வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் நாம் கேட்பது ஒரு குடம் அல்ல, ஒரு டம்ளர்.

இந்த நகரத்தில் எலி சும்மா வருவதில்லை; நோயையும் கொண்டு வருகிறது. மழைக்காலத்தில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவி ஆட்கள் சாகிறார்கள். எலியைக் கொல்ல மாநகராட்சி இரவில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது. நம் வீட்டில் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்ப்பது பூனை. இரவெல்லாம் நமக்காக விழித்திருக்கும் அந்த வேலைக்காரனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தர்மம் அல்ல, கூலி. வேலை வாங்கிவிட்டுக் கூலி மறுப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது, பிழைக்க வந்த ஊரில் உழைத்துச் சாப்பிடும் நமக்குத் தெரியாதா?