புகைமூட்டம் வருமா வராதா? காற்றின் பெயரைக் கவனியுங்கள்

"எங்கேயோ எரியுது, நமக்கு ஏன் மூச்சு முட்டுது?" புகைமூட்டம் வரும்போதெல்லாம் சிங்கப்பூரில் காதில் விழும் கேள்வி இது.

தீ எங்கே என்று தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி காற்றின் திசையில் இருக்கிறது.

"தென்மேற்குப் பருவக்காற்று" எந்தப் பக்கம் வீசுகிறது?

தென்மேற்கை நோக்கி என்று நினைத்தீர்களா? இல்லை. தென்மேற்கிலிருந்து! காற்று எங்கிருந்து வருகிறதோ, அந்தத் திசையின் பெயர்தான் அதற்கு. தமிழிலும் அப்படித்தானே? தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை.

நமக்கு ஏன் கோடையும் குளிர்காலமும் இல்லை?

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 1.3 பாகை வடக்கேதான் இருக்கிறது. ஆண்டு முழுக்க வெப்பம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நமக்குப் பருவத்தை மாற்றுவது காற்று. அந்தக் காற்றை மாற்றுவது பூமியின் சாய்வு. பூமி சுமார் 23.4 பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது.

டிசம்பரில் வட துருவம் சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும். ஆசியாவின் வடபகுதி குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் கூடும். அங்கிருந்து கிளம்பும் காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம்மிடம் வரும். அதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான்!

ஜூனில் கதை தலைகீழ். இப்போது விலகிச் சாய்வது தென் துருவம். ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அங்கிருந்து வறண்ட காற்று வடக்கே வரும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் அது வலப்பக்கம் திரும்பும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்மூரில் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும்.

அந்த வழியில் என்ன இருக்கிறது?

வரைபடத்தைப் பாருங்கள். மேற்கிலும் தென்மேற்கிலும் சுமத்ரா. தென்கிழக்கே கலிமந்தான். இரண்டு இடத்திலும் கரிமச்சத்து நிறைந்த சதுப்புநிலங்கள் உண்டு. நிலத்தைச் சுத்தப்படுத்த மூட்டும் தீ மண்ணுக்குள் இறங்கிவிட்டால், வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும்.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் 3 மணிநேரக் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன.

அப்படியானால் காற்றுமேலதான் தப்பா?

இல்லை. காற்று புகையைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். தீ மூட்டுவது மனிதர்கள். அதனால்தான் சிங்கப்பூர் 2014இல் எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. தீக்குக் காரணமான நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் அதன்மீது நடவடிக்கை எடுக்க அந்தச் சட்டம் வழிவிடுகிறது.

அடுத்த முறை "சுமத்ராவில் காட்டுத்தீ" என்று செய்தி வந்தால், உடனே பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அதே செய்தியில் காற்றின் திசையைத் தேடுங்கள். வடகிழக்கிலிருந்து வீசினால் புகை நம்மைவிட்டு விலகிப் போகும். தென்மேற்கிலிருந்து என்றால், சன்னலைச் சாத்தத் தயாராகுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மருந்தையும் முகக்கவசத்தையும் எடுத்து வையுங்கள்.