வாடகைக் கருவியா, சொந்தக் கருவியா?

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிலாளி நச்சுக்காற்றில் மாண்டால், எந்த நச்சு என்று உரைக்கவேண்டியது தடய அறிவியல் ஆய்வகம். அறிக்கை தாமதித்தால் வழக்கும் தள்ளாடும். குடும்பத்தின் நட்டஈடும் தள்ளிப்போகும்.

2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர் குடித்தது மெத்தனால். அதைக் காட்டிக்கொடுப்பது கேஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவி. நாள்தோறும் வேண்டிய அதை வாடகைக்கு எடுப்பதா? கூடாது என்கிறோம் நாம்! ஒப்பந்தம் முடிந்தால் கருவி கம்பெனிக்குத் திரும்பும். சோதனைக்கு வந்தவை அலமாரியில் உறங்கும்.

விரைவில் பழமையாகிவிடும் செல்போன் ஆய்வுக் கருவிகள் வாடகைக்கு வரட்டும், தடையில்லை. ஆனால், சொந்தக் கருவிக்கும் பராமரிப்பு நிதியும் பயின்ற கையும் வேண்டும். இல்லையேல் அது பூட்டிய பெட்டியே!

1849இலேயே இரசாயனப் பரிசோதனைக் கூடம் கண்ட சென்னை இது. அரசு வாங்கட்டும், பழுதறக் காக்கட்டும்!