கூட்டுத்தொகையை நம்பலாமா?

புள்ளிவிவரம் என்றாலே அது கணிதத் துறையாரின் சொத்து என்று ஒதுங்கிக் கொள்வோர் நம்மில் பலர். கணிப்பொறி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால், தரவுத்தள மென்பொருளில் 'பிவட் டேபிள்' எனப்படும் குறுக்கு அட்டவணையை அமைக்கும் பயிற்சி, தமிழ், வரலாறு, பொருளியல் பயிலும் மாணவர்க்கும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

செய்முறை கடினமன்று. பட்டியலில் ஆளுக்கொரு வரி இருக்கும். 'ஆக்சஸ்' மென்பொருள் நம்மிடம் கேட்பவை மூன்று: நிரைத் தலைப்பு எது? நிரல் தலைப்பு எது? கட்டங்களில் எதை நிரப்புவது? 'எக்செல்' மென்பொருளிலோ 1993-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு முதலே இவ்வசதி உண்டு. எண்ணும் வேலையைக் கணிப்பொறி நொடியில் முடித்துவிடும். தலைப்பைத் தேர்ந்தெடுப்பது மட்டும் நம் பொறுப்பு. அதில் தவறினால் விளைவது என்ன?

அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 1973-இல் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர். அவர்களுள் 44 விழுக்காட்டினர்க்கு இடம் கிடைத்தது. விண்ணப்பித்த பெண்கள் 4,321 பேர்; இடம் பெற்றோர் 35 விழுக்காட்டினரே. பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று யாரும் சொல்லிவிடுவர்.

பிக்கெல், ஹாமெல், ஓ'கானெல் என்னும் மூவர் அக்கணக்கைத் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து, 1975-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். மிகப் பெரிய ஆறு துறைகளை எடுத்துக்கொண்டால், நான்கில் பெண்களின் விழுக்காடே மிகுதி! முதல் துறையில் ஆண்கள் 62, பெண்கள் 82. ஆறாம் துறையில் ஆண்கள் 6, பெண்கள் 7.

இந்த முரண்பாடு எப்படி வந்தது? அந்த ஆறு துறைகளில், எளிதாக இடம் கிடைத்த முதலிரண்டுக்கு விண்ணப்பித்த ஆண்கள், 2,691 பேரில் 1,385 பேர். பெண்களோ, 1,835 பேரில் 133 பேர் மட்டுமே. எஞ்சிய பெண்கள் அனைவரும் இடம் அரிதான துறைகளையே நாடினர். 'துறை' என்னும் ஒரு தலைப்பைச் சேர்த்ததும் உண்மை வெளிப்பட்டது.

அப்படியானால் அநீதியே இல்லை என்று முடித்துவிடலாமா? கூடாது. பெண்கள் ஏன் அத்துறைகளையே நாடினர் என்பது அடுத்த கேள்வி. வளர்ப்பு முறையும் முந்தைய கல்வியும் அவர்களை அப்பக்கம் தள்ளியதை அம்மூவரும் சுட்டிக்காட்டினர். எனவே ஒரு அட்டவணை ஒரு கேள்விக்கு விடை சொல்லும். இன்னொரு கேள்வியை எழுப்பும்.

பிரித்துக்கொண்டே போவதிலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டாம் துறையில் விண்ணப்பித்த பெண்கள் 25 பேரே. அங்கே ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு நான்கு மாறிவிடும். ஆகவே, விழுக்காட்டின் அருகில் ஆள் எண்ணிக்கையையும் அச்சிடாத அட்டவணையை அரைகுறை அட்டவணை என்றே கொள்ள வேண்டும்.

நண்பர்களே! தேர்ச்சி விழுக்காடு இவ்வளவு, வேலை பெற்றோர் இவ்வளவு என்று ஒற்றை எண்ணை யார் நீட்டினாலும், துறைவாரியாக எவ்வளவு, ஆண்-பெண் வாரியாக எவ்வளவு, பயிற்றுமொழி வாரியாக எவ்வளவு என்று கேட்போம். பேராசிரியப் பெருமக்கள் எல்லாத் துறைகளிலும் இதற்குச் சில பாடவேளைகளை ஒதுக்க வேண்டும். நாளை அலுவலகங்களில் அமர்ந்து அறிக்கை தயாரிக்கப் போகிறவர்கள் நாம். நாம் தேர்ந்தெடுக்கும் தலைப்பைப் பொறுத்தே பிறருக்கு இடமும் உதவியும் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும்.