தலையெழுத்தா, திருத்தியவர் எழுத்தா?

பாலவாக்கம் குப்பத்தில் ஒரு தோழர் வீட்டிற்கு நாம் சென்றிருந்த சமயம், அவருடைய பெண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்திருந்தது. மற்றப் பாடங்களிலெல்லாம் 90க்கு மேல் வாங்கிய பெண்ணுக்குக் கணக்கில் மாத்திரம் 61. பெண் அழுதுகொண்டிருந்தாள். தாயார் "எல்லாம் தலையெழுத்து" என்றார். பாட்டியார் சனியின் மேல் பழியைப் போட்டார். அடுத்த வீட்டுக்காரரோ, "போட்ட மார்க்கை எதிர்த்துக் கேட்பது குருத்துரோகம், கிடைத்த படிப்பில் சேர்த்து விடு" என்று புத்தி சொன்னார். விடைத்தாளை வாங்கிப் பார்க்கலாமே என்று ஒருவருக்காவது தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்தத் தகப்பனார், மீன் ஏலத்தில் ஒரு கூடைக்குக் கணக்குத் தவறினாலும் வியாபாரியைச் சும்மா விடுகிறவரல்ல!

தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் எழுத்தை வாசித்தவன் இதுவரை எவனுமில்லை. விடைத்தாளில் எழுதியிருப்பதையோ யாரும் வாசிக்கலாம். அதன் நகலுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் 2024ஆம் வருஷம் வாங்கிய கட்டணம் பாடம் ஒன்றுக்கு ரூ.275. அதன் மேல் கணக்குப் பாடத்திற்கு மறுகூட்டல் ரூ.205, மறுமதிப்பீடு ரூ.505. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது எழுதியவரின் உரிமை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சுப்ரீம் கோர்ட்டும் 2011ல், சி.பி.எஸ்.இ. வழக்கில், தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

குருத்துரோகமாம்! முகாமில் உட்கார்ந்து திருத்துகிறவருக்கு இந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. அவரை இவளுக்குக் குருவாக்கியது யார் என்று கேட்கிறோம். கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தவனைப் புகழ்ந்து பழகிய நாட்டில் இதுவும் சொல்லுவார்கள், இன்னமும் சொல்லுவார்கள்.

திருத்துகிறவரும் மனிதர்தானே? 2019ல் தெலங்கானாவில் இண்டர்மீடியட் பரீட்சை எழுதிய ஒரு மாணவிக்குத் தெலுங்கில் 0 என்று முடிவு வந்தது. மறுபடி பார்த்தபோது அது 99! எந்தக் கிரகம் 99ஐ 0 ஆக்கிற்று? வட்டத்தைத் தவறாகக் கறுப்பாக்கிய ஒரு கைதான் ஆக்கிற்று. அவள் தலைவிதி என்று இருந்திருந்தால் 0தான் நின்றிருக்கும்.

நம் தமிழ்நாட்டில் இஞ்சினீயரிங் படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007ல் ஒழிந்தது. அது முதல் பிளஸ் டூ மார்க்குதான் கணக்கு. கட்-ஆப் 200ல் கணக்குக்கு மட்டும் 100. பௌதிகத்திற்கும் ரசாயனத்திற்கும் ஐம்பதைம்பது. ஆகவே கணக்கில் ஒரு மார்க்கு என்றால் கட்-ஆப்பிலும் முழுசாய் ஒரு மார்க்கு. படித்த வீட்டுப் பிள்ளைக்கு மறுநாளே விண்ணப்பம் போய்விடுகிறது. முதன்முதலாகப் படிக்க வந்த வீட்டுப் பிள்ளை அழுது ஓய்வதற்குள் கெடு முடிந்து போகிறது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்காவது நகலை இனாமாகக் கொடுத்தாலென்ன?

கேட்டவர்களுக்கெல்லாம் மார்க்கு கூடுமென்று நாம் சொல்லவில்லை. தப்பு பெண்ணுடையதே என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். "உள்ளதும் போய்விட்டால்?" என்று அடுத்த வீட்டுக்காரர் பயமுறுத்தினார். நகலைப் பார்ப்பதனால் ஒரு மார்க்கும் குறையாது. மறுமதிப்பீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கணக்குத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு தீர்மானிக்கலாம்.

சனிக்கு எள் விளக்குப் போடுவதற்கென்று முடிந்து வைத்திருந்த பணத்தில், மறுநாள் பள்ளிக்கூடத்தின் மூலமாக விண்ணப்பம் போயிற்று. பாட்டியார் இன்னும் நம்மோடு பேசுவதில்லை.