கான்ட்ராக்ட் தொழிலாளியும் கம்ப்யூட்டர் கண்ணும்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு கூட்டம் தெரியும். தோளில் ஒரு பை, அதற்குள் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு பழைய சட்டை. கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், வெல்டர், பெயின்ட் அடிப்பவர் என்று பலரும் அதில் இருப்பார்கள். திண்டிவனம் பக்கம் போனாலும் இதே காட்சிதான். "எந்தக் கம்பெனியில வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கம்பெனி பெயர் வராது. ஒரு மேஸ்திரியின் பெயர்தான் வரும்.

இதில் என்ன பிரச்சினை என்று நானும் முன்பு நினைத்ததில்லை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சாரத்திலிருந்து விழும் வரை.

அவர் வேலை பார்த்த இடம் சின்ன இடம் இல்லை. கேட்டில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே பெரிய டிவி, அதில் "இன்று வேலையில் இருப்போர் இத்தனை பேர், விபத்து இல்லாத நாட்கள் இத்தனை" என்று ஓடிக்கொண்டே இருக்குமாம். ஆனால் அண்ணனுக்கு இன்னும் கார்டு வரவில்லை. மேஸ்திரி அவரை வேறு ஒருவர் பாஸில் சாமான் ஏற்றும் வண்டியோடு உள்ளே அனுப்பிவிட்டார். அன்றைக்கு கம்ப்யூட்டர் கணக்குப்படி, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் வேலையில் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அந்த இடத்துக்கு வரவே இல்லை!

நஷ்டஈடு கேட்கப் போனபோது முதல் கேள்வி, "அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம்?" அவரிடம் இருந்தது மேஸ்திரியின் செல் நம்பர் மட்டும். அதுவும் சுவிட்ச் ஆஃப்.

கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்பது நம் நாட்டுச் சட்டத்தில் வெகு காலமாக இருக்கிற விஷயம். ஆனால் அதைக் கேட்க, அங்கே வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க வேண்டுமே. கம்பெனி, அதற்குக் கீழே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அவருக்கும் கீழே மேஸ்திரி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் தொழிலாளியின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடுகிறது.

பெரிய விபத்துகளைப் பாருங்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டிடத் தொழிலாளர்கள். நமக்குப் பக்கத்திலேயே நெய்வேலியில் 2020இல் மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை அனல்மின் நிலைய பாய்லர் வெடித்தது. இரண்டாவது விபத்தில் அன்றே 6 பேர் இறந்தார்கள், சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வட மாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதற்கெல்லாம் இப்போது சொல்லப்படும் தீர்வு டிஜிட்டல். கான்ட்ராக்டரின் லைசென்ஸ், தொழிலாளியின் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, உயரத்தில் வேலை செய்யும் பெர்மிட் எல்லாவற்றையும் ஒரே சாஃப்ட்வேரில் போடுவது. பயிற்சி முடிக்காதவர் பெயரில் பெர்மிட் எடுக்க முடியாது. மாலையில் உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் சரியாக இல்லையென்றால் மணி அடிக்கும். இது நல்ல விஷயம்தான், நான் எதிர்ப்பவன் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து காலை எட்டு மணி பெர்மிட் எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்.

என் கேள்வி வேறு. இந்தக் கண் யாருக்காகப் பார்க்கிறது?

நமக்குத் தெரிந்த இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே விழுப்புரம் மாவட்டம் இருந்தது. அந்த வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் போட்டோ எடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமானது. என்ன ஆனது? 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சொன்னது: சம்பந்தமில்லாத படங்களையும், போட்டோவையே போட்டோ எடுத்தும் ஏற்றுகிறார்கள் என்று. படம் மேலே டெல்லி வரை போனது. ஆனால் அதில் என்ன ஏறியது என்பது வேலை செய்தவரின் கைக்கு வரவில்லை.

இன்னொன்று நம் ரேஷன் கடை. ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, சர்க்கரை வாங்கினால் வீட்டு செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. வாங்காத அரிசிக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் எங்கள் பாட்டியே கடைக்குப் போய் சண்டை போடுகிறார்! அவருக்கு கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அவர் பெயரில் என்ன எழுதினார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது. முதலாவதில் தகவல் மேலே மட்டும் போனது, இரண்டாவதில் கீழேயும் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே நான் கேட்பது மூன்று விஷயங்கள்.

1. கேட்டில் முகம் பதிவானதும் தொழிலாளியின் செல்லுக்கு தமிழிலோ இந்தியிலோ ஒரு எஸ்.எம்.எஸ். வர வேண்டும். எந்த இடம், எந்தக் கம்பெனி, எந்த கான்ட்ராக்டர், எத்தனை மணி. அண்ணனிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் ஆதாரம் அவர் கையிலேயே இருந்திருக்கும். அவருக்குப் பதிலாகப் பதிவான நபருக்கும் அன்று காலையே விஷயம் தெரிந்திருக்கும்.

2. பெல்ட் சரியில்லை, சாரம் ஆடுகிறது என்று ஒரு நம்பருக்கு வாயால் பேசிச் சொல்ல வசதி வேண்டும். அது மேஸ்திரிக்கு மட்டும் போகாமல் முதன்மை நிறுவனத்துக்கும் போக வேண்டும். சொன்னவரின் பெயர் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்காது.

3. "விபத்து இல்லாத நாட்கள்" என்ற போர்டைக் கழற்ற வேண்டும். பூஜ்யத்துக்குப் பரிசு கொடுத்தால் எல்லோரும் பூஜ்யத்தைத்தான் எழுதுவார்கள். எத்தனை ஆபத்துகள் சொல்லப்பட்டன, எத்தனை சரிசெய்யப்பட்டன என்று எழுதுங்கள். டெண்டர் கொடுக்கும்போது குறைந்த ரேட்டோடு இதையும் பாருங்கள். ரேட்டைக் குறைப்பவர் முதலில் கை வைப்பது வலையிலும் பெல்ட்டிலும்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 1970ஆம் வருடச் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் இது 50 ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது, அது நல்லது. ஆனால் நம் பக்கத்து ரைஸ் மில்லிலும் ஜல்லி கிரஷரிலும் 50 ஒப்பந்த ஆட்களா இருக்கிறார்கள்? சட்டம் எண்ணாதவரை எந்த சாஃப்ட்வேரும் தானாக எண்ணாது. ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப மட்டும் 50 பேர் தேவையில்லை.

அண்ணன் இப்போது நடக்கிறார், ஆனால் சாரம் ஏற முடியாது. வீட்டு வாசலில் சின்னதாக டீக்கடை போட்டிருக்கிறார். போன வாரம் ரேஷன் கடையிலிருந்து அவருக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. எனக்குக் காட்டிச் சிரித்தார்: "ஒரு கிலோ சர்க்கரைக்கு இருக்குற கணக்கு எனக்கு இல்லாம போச்சே தம்பி."